அவ்னிங்குக்கு மெயின்ஸ் கரண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடான கேரவன் வாங்குகிறவர்கள் முதல் கோடையிலேயே அவ்னிங்கும் வாங்கிவிடுகிறார்கள். கேரவனின் பக்கவாட்டில் கட்டும் அந்தத் துணி அறைக்குள் மேசை, நாற்காலி போட்டதுமே அடுத்த பேச்சு கரண்ட்தான். கேம்ப்சைட் போகிற நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை, பெரும்பாலும் அவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பிரிட்டன் முறைக்கானவை: 230 வோல்ட், நீல நிறப் பிளக், பிஎஸ் 7671 வயரிங் விதிகள். கடல் தாண்டி ஐரோப்பாவுக்கு ஓட்டிப்போகிறவர்களுக்கு ஒரு கேள்வி பின்னால் இருக்கிறது.

கேரவனுக்குள்ள கரண்ட் வந்தாச்சு. அவ்னிங் அதோட ஒட்டித்தானே நிக்குது, அதுக்கு ஏன் தனிக் கவனம்?

கேரவனுக்குள் மரத்தரை, சுவர், கூரை எல்லாம் உண்டு. அவ்னிங்கில் காலுக்குக் கீழே ஈரப் புல், அதன்மேல் ஒரு மெல்லிய விரிப்பு. நாலா பக்கமும் உலோகக் கம்பங்கள். விடியற்காலையில் துணியின் உட்பக்கத்திலிருந்து பனித்தண்ணீர் சொட்டும். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடிவருவார்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை அது வெளியிடம்தான். கூரை இருப்பதால் வீட்டின் அறை மாதிரித் தோன்றுகிறது, அவ்வளவே. தோட்டத்தில் மழைக்காலத்தில் எதைச் செய்யமாட்டீர்களோ அதை அவ்னிங்கிலும் செய்யாதீர்கள். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றிலிருந்து வருபவை.

போலார்ட்லருந்து என் கெட்டில் வரைக்கும் கரண்ட் எந்த வழியா வருது?

கேரவனை நிறுத்த சைட்டில் ஒதுக்கித் தரும் இடம்தான் பிட்ச், அதன் ஓரத்தில் நிற்கும் குட்டைத் தூண்தான் போலார்ட். போலார்டிலுள்ள நீலச் சாக்கெட்டிலிருந்து ஹூக்-அப் கேபிள் கிளம்பி, கேரவனின் வெளிச்சுவரிலுள்ள நுழைவுப் பெட்டியில் முடிகிறது. அங்கிருந்து உள்ளே ஃபியூஸ் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டியில் ஒரு ஆர்சிடியும் இரண்டு மூன்று எம்சிபிகளும் இருக்கும்; இரண்டும் தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சுகள். அவற்றைக் கடந்த பிறகே உங்கள் சாக்கெட்டுகளுக்குக் கரண்ட் போகிறது.

போலார்டிலும் ஒரு ஆர்சிடி, ஒரு எம்சிபி உண்டு. இன்றைய விதிப்படி ஒவ்வொரு பிட்ச் சாக்கெட்டுக்கும் தனியாக 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி இருக்க வேண்டும். பழைய சைட்டுகளில் அது எந்த நிலையில் இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கேரவனிலுள்ளதை மட்டும்தான் நீங்கள் சோதித்துப் பார்க்க முடியும்.

ஆர்சிடி, எம்சிபி ரெண்டும் ஒண்ணுதானே? ரெண்டும் ட்ரிப் ஆகிற சுவிட்ச்தானே?

வேலை வேறு. எம்சிபி காப்பது வயரை. அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தாலோ ஷார்ட் ஆனாலோ வயர் சூடாகி எரியாமல் துண்டிக்கும். ஆர்சிடி காப்பது ஆளை. லைவில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ மண்ணுக்குக் கசிகிறது என்று பொருள். கசிவு 30 மில்லிஆம்பியர் என்றால் 300 மில்லிவினாடிக்குள்ளும், 150 என்றால் 40 மில்லிவினாடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும் என்பது தரம்.

ஆர்சிடி செய்யாததையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், மண்ணுக்குக் கசிவு இல்லாததால் அதற்கு எதுவும் தெரியாது. தளர்ந்த இணைப்பு சூடாகிக் கருகினாலும் தெரியாது. ஷாக்கே அடிக்காமல் தடுப்பதும் இல்லை. அடிக்கும் நேரத்தைச் சுருக்குகிறது. ஒவ்வொரு சைட்டிலும் கரண்ட் கொடுத்தவுடன் அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் சரிசெய்யும்வரை அந்தக் கேரவனில் மெயின்ஸ் வேண்டாம்.

ஹூக்-அப் கேபிள் எப்படிப்பட்டதா இருக்கணும்?

மூன்று கோர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, 25 மீட்டர் நீளம், இரு முனையிலும் 16 ஆம்பியர் நீலக் கனெக்டர். புதிய கேபிள் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆரஞ்சு உறை போட்ட 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிளும் விற்பனையில் உண்டு. குறுக்களவு உறையின்மேலேயே அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

எதை முதல்ல சொருகணும்?

உள்ளே மெயின் சுவிட்சை அணையுங்கள். கேபிளைக் கேரவனில் சொருகுங்கள். பிறகு போலார்டில். சில போலார்டுகளில் சொருகியபின் வலப்பக்கம் திருப்பினால்தான் கரண்ட் வரும். கடைசியாக மெயின் சுவிட்ச், ஆர்சிடி சோதனை. கிளம்பும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: உள்ளே அணைத்துவிட்டு, போலார்டில் முதலில் பிடுங்குங்கள். ஒரு முனை திறந்தபடி புல்லில் கிடக்கும் நேரத்தில் அந்தக் கேபிளில் கரண்ட் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

சரி, அவ்னிங்குக்குக் கரண்ட் கொண்டுவர எது நல்ல வழி?

கேரவனின் வெளிச்சுவரில், அவ்னிங் பக்கமாக, மூடி போட்ட ஒரு 13 ஆம்பியர் சாக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கதவருகிலோ பேட்டரிப் பெட்டிக்குள்ளோ இருக்கும். பல நவீன கேரவன்களில் டிவி ஆன்டெனா இணைப்போடு சேர்த்தே வைத்திருப்பார்கள். அது கேரவனின் ஃபியூஸ் பெட்டி வழியாக வருவதால் ஆர்சிடி பாதுகாப்பு ஏற்கெனவே உண்டு. எந்தக் கதவிலும் ஜன்னலிலும் வயர் நசுங்கப் போவதில்லை. என் கணக்கில் இதுதான் முதல் வழி.

அதிலிருந்து அவ்னிங்குக்குள் ஒரே ஒரு வெளிப்புற எக்ஸ்டென்ஷன் போடுங்கள். ரப்பர் உறை, மூடியுள்ள சாக்கெட், ஐபி44 குறி. சாக்கெட் பகுதியைத் தரையில் கிடத்தாமல் மேசை உயரத்தில் கொக்கியில் தொங்கவிடுங்கள். வயர் சாக்கெட்டுக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். துணியிலிருந்து வழியும் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் இறங்காது. சாக்கெட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். பைக்குள்ளேயே நீராவி படிந்து தங்கும், அதைச் செய்யாதீர்கள்.

இதற்கும் முன்னால் ஒரு கேள்வி: அங்கே உண்மையில் மெயின்ஸ் வேண்டுமா? விளக்குக்கும் போன் சார்ஜருக்கும் மட்டுமென்றால் 12 வோல்ட் எல்இடி பட்டையும் யூஎஸ்பியும் போதும். பலபேர் 230 வோல்ட்டை வெளியே இழுப்பது ஒரு மேசை விளக்குக்காகத்தான்.

அண்ணை, எங்கட கேரவன் பழசு, வெளியில சாக்கெட் இல்லை. உள்ளுக்க இருந்து கதவால வயரை எடுக்கலாமோ?

எடுக்கலாம், ஆனால் கதவு வழியாக வேண்டாம். ஒரு நாளில் எத்தனை முறை கதவு திறந்து மூடும் என்று எண்ணிப் பாருங்கள். கீல் பக்கத்து விளிம்பு வயரின் உறையை மெல்ல மெல்லக் கடித்துவிடும். உறை வெட்டுப்படுவது வெளியே தெரியும். உள்ளே செம்பிழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிஞ்சிய இழைகள் சூடாவது தெரியாது. படியில் தடுக்கி விழும் ஆபத்து வேறு.

அவ்னிங்குக்குள் திறக்கும் ஜன்னல் ஒன்றிருந்தால் அதன் வழியாக எடுங்கள். தாழ்ப்பாள் வயரை அழுத்தாத நிலையில், ரப்பர் விளிம்பின்மேல் தளர்வாகக் கிடக்க வேண்டும். வெளியே வருவது முன்பதிலில் சொன்ன வெளிப்புற எக்ஸ்டென்ஷனாகவே இருக்கட்டும். இரண்டு மூன்று நாளுக்கு இது சரி. ஒவ்வொரு வருடமும் அவ்னிங் போடுகிறவர் என்றால் வெளிச் சாக்கெட் வைத்துவிடுவதே நல்லது.

வீட்டில் டிவிக்குப் பின்னால் வைத்திருக்கும் நாலு சாக்கெட் எக்ஸ்டென்ஷனைக் கொண்டுவரலாமா? மழை உள்ளே வராதே.

மழை வராவிட்டாலும் ஈரம் வரும். அந்த வெள்ளை எக்ஸ்டென்ஷன்கள் உலர்ந்த அறைக்குச் செய்தவை. தண்ணீரைத் தடுக்க அவற்றில் எந்த ஏற்பாடும் இல்லை. ஐபி44 என்ற குறியில் முதல் 4, ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள் உள்ளே நுழையாது என்பதற்கு. இரண்டாவது 4, எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்பதற்கு. தேங்கிய தண்ணீரில் கிடந்தால் ஐபி44-ம் தாங்காது. மூடி திறந்திருந்தாலோ பொருந்தாத பருத்த பிளக்கைச் சொருகி மூடி பாதியில் நின்றாலோ அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

போலார்ட்லயே ஒய் மாதிரி பிரியற ஸ்ப்ளிட்டர் போட்டு, ஒண்ணு கேரவனுக்கு, இன்னொண்ணு அவ்னிங்குக்குன்னு எடுத்தா என்ன?

அப்படி எடுக்கும் இரண்டாவது கிளை உங்கள் கேரவனின் ஆர்சிடியைத் தொடாமலே போகிறது. போலார்டில் உள்ளது ஒன்றுதான் துணை. அது எந்த நிலையில் இருக்கிறதோ. 16 ஆம்பியர் எம்சிபிக்குப் பின்னால் சாதாரண மெல்லிய வயரைத் தொங்கவிட்டால், வயர் சூடாகும்வரை எம்சிபிக்கு ஒரு குறையும் தெரியாது. பல சைட்டுகள் ஸ்ப்ளிட்டரைத் தடைசெய்கின்றன. ஒரு பிட்சுக்கு ஒரு கேபிள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூடாரத்துக்கு விற்கிற மொபைல் மெயின்ஸ் யூனிட் என்னிடம் இருக்கிறது. அதை அவ்னிங்கில் வைக்கலாமா?

நீலப் பிளக், நீளக் கேபிள், முனையில் ஆர்சிடி, எம்சிபி, இரண்டு மூன்று சாக்கெட் உள்ள பெட்டி: இதைத்தான் சொல்கிறீர்கள். கேரவன் இல்லாத கூடாரத்துக்கு அதுதான் சரியான பொருள். அதன் ஆர்சிடி பெட்டிக்குள் இருப்பதால் ஸ்ப்ளிட்டரைப் பற்றி நான் சொன்ன முதல் குறை இதற்கில்லை. ஆனால் கேரவனும் இதுவும் ஒரே போலார்டைக் கேட்கும், உங்களுக்குக் கிடைப்பது ஒரே சாக்கெட். கேரவன் இருக்கும்போது வெளிச் சாக்கெட்டே மேல். யூனிட்டைக் கூடாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் பெட்டியைத் தரையில் வைக்காமல் தொங்கவிடுங்கள்.

மொத்தம் எவ்வளவு சாமான் ஓட்டலாம்?

சைட்டில் பதியும்போதே எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். பிரிட்டனில் பெரும்பாலும் 10 அல்லது 16. ஐரோப்பாவில் 6-ம், அதற்குக் குறைவும் உண்டு. ஆம்பியரை 230ஆல் பெருக்கினால் வாட்: 6 ஆம்பியர் 1380 வாட், 10 ஆம்பியர் 2300, 16 ஆம்பியர் 3680. அவ்னிங்குக்குத் தனிப் பங்கு எதுவும் கிடையாது, கேரவனோடு சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

10 ஆம்பியர் பிட்சில் ஒரு குளிர்ந்த காலையை எடுத்துக்கொள்வோம். கேரவன் ஹீட்டர் 1000 வாட்டில் ஓடுகிறது. தண்ணீர் சூடாக்கி 850 வாட். ஃபிரிட்ஜ் 150 வாட் அளவில். கூட்டினால் 2000. மிஞ்சுவது 300 வாட். அதில் பேட்டரி சார்ஜரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அவ்னிங்கில் வீட்டு கெட்டிலைப் போட்டால் அது ஒன்றே 3000 வாட்! கேம்பிங் கெட்டில் என்று விற்பது 1000 வாட்டுக்குள் இருக்கும், ஆனால் அதைப் போடவும் தண்ணீர் சூடாக்கியை முதலில் அணைக்க வேண்டும். மைக்ரோவேவிலும் ஏமாற்றம் உண்டு: முகப்பில் 800 என்று எழுதியிருப்பது உணவுக்குள் போகும் சக்தி, சுவரிலிருந்து இழுப்பது 1200 அளவில்.

முதல்ல நல்லா ஓடுது, பத்து நிமிஷம் கழிச்சு ட்ரிப் ஆகுது. பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை, எம்சிபியின் இயல்பே அது. 10 ஆம்பியர் எம்சிபி 10ஐத் தாண்டிய நொடியில் விழாது. 11.3 ஆம்பியரில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 14.5 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்றுதான் அதைச் செய்கிறார்கள். அதனால்தான் 13 ஆம்பியர் இழுக்கும் கெட்டில் சிலசமயம் தப்பித்துக் கொதித்துவிடுகிறது. "நேத்து ஓடிச்சே" என்று பக்கத்து பிட்ச்காரர் சொல்வதும் உண்மையாகிறது. அதை வழக்கமாக்காதீர்கள். விழுந்தால் எதையாவது அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். போலார்ட் பூட்டியிருந்தால் சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வார்டன்தான் வந்து போட வேண்டும். இரவு பதினொரு மணிக்கு அவரை எழுப்புவது உங்களுக்கும் சங்கடம்.

அவ்னிங்கில் ஹீட்டர் வைக்கலாமா? பெரியவர்கள் குளிர் தாங்குவதில்லை.

ஆட்கள் விழித்து அங்கேயே உட்கார்ந்திருக்கும்வரை வைக்கலாம். சிவந்து எரியும் கம்பி வெளியே தெரியும் வகை கூடவே கூடாது. எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர், அல்லது சாய்ந்தால் தானே அணையும் சிறு ஃபேன் ஹீட்டர், அதுவும் 1000 வாட்டுக்குள். துணி, நாற்காலி, போர்வை எதிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி, தட்டையான பலகைமேல் வையுங்கள். மடித்த விரிப்பின்மேல் வைத்தால் சாயும். ஹீட்டரின் பிளக் தொட்டால் இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் உள்ளிணைப்பு தளர்ந்திருக்கிறது, உடனே பிடுங்குங்கள்.

தூங்கும்போது கட்டாயம் அணையுங்கள். அவ்னிங்கின் உள்ளறையில் யாராவது படுத்திருந்தால் இன்னும் கண்டிப்பாக. அவ்னிங் துணி பற்றினால் நின்று யோசிக்க நேரமிருக்காது. பக்கத்துக் கேரவனோடு 6 மீட்டர் இடைவெளி கேட்பதே தீ தாவாமலிருக்கத்தான். கரண்ட் செலவுக்குப் பயந்து கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ சூட்டுக்காக உள்ளே கொண்டுவருகிறவர்களும் உண்டு. மூடிய அவ்னிங்கில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், அணைந்து புகைந்துகொண்டிருக்கும் கரியும் அப்படியே. வயதானவர்களைக் கேரவனுக்குள் உட்காரவைப்பதுதான் என் பதில்.

இரண்டாவது ஃபிரிட்ஜை அவ்னிங்கில் வைத்தால்?

மின்சாரத்தில் ஓடும்வரை பிரச்சினை குறைவு, இழுப்பதும் சொற்பம். கம்ப்ரஸர் வகையோ, மெயின்ஸ், 12 வோல்ட், கேஸ் மூன்றிலும் ஓடும் மூவழி வகையோ, தரையிலிருந்து உயர்த்தி, பின்பக்கம் காற்றோட்டம் விட்டு வையுங்கள். மூவழி ஃபிரிட்ஜின் கேஸ் முறையை மட்டும் மூடிய அவ்னிங்கில் போடாதீர்கள். உள்ளே எரிவது திறந்த சுடர்.

மிச்சக் கேபிளைச் சுத்தி வெச்சா சூடாகும்னு சொல்றாங்க. நிஜமா?

நிஜம். கேபிளில் கரண்ட் போகும்போது உண்டாகும் சூடு காற்றில் கலைந்துபோக வேண்டும். சுருளுக்கு நடுவில் இருக்கும் வயருக்கு அந்த வழியில்லை. 13 ஆம்பியர் என்று விற்கும் ரீல் எக்ஸ்டென்ஷனின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: சுற்றிய நிலையில் அதைவிட மிகக் குறைந்த ஒரு அளவு எழுதியிருக்கும். ஹூக்-அப் கேபிளின் மிச்சத்தைக் கேரவனுக்கு அடியில் பெரிய தளர்ந்த வளைவுகளாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாதபடி பரப்பிவிடுங்கள். அவ்னிங்குக்குள் ரீல் போட்டால் முழுதும் உருவிவிடுங்கள், அல்லது நீளம் குறைந்த எக்ஸ்டென்ஷன் வாங்குங்கள்.

கம்பம் எல்லாம் இரும்பு. எர்த் குடுக்கணுமா? முளை அடிக்கும்போது கீழே கேபிள் இருந்தா?

கம்பங்களுக்கு நீங்களாக எர்த் வயர் கட்ட வேண்டாம். அவற்றின்மேல் வயரை இறுக்கிக் கட்டுவதையும் தவிருங்கள். காற்றில் கம்பம் ஆடும்போது உறை தேயும். துணி நாடாவாலோ பிளாஸ்டிக் கொக்கியாலோ தளர்வாகத் தாங்கவிட்டால் போதும். அவ்னிங்கில் பயன்படுத்தும் சாமான்களில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டைக் காப்புக் குறி உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது.

சைட்டின் நிலத்தடிக் கேபிள்கள் குறைந்தது 0.6 மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் முளை அதைத் தொடாது. ஆபத்து வருவது உங்கள் சொந்தக் கேபிளால்தான். முதலில் கரண்ட் கொடுத்துவிட்டு, பிறகு அவ்னிங் கட்டி, விரிப்பின் அடியில் ஓடும் ஆரஞ்சுக் கேபிளின்மேல் சுத்தியலால் முளையை இறக்குவது எளிதாக நடந்துவிடும். அவ்னிங் கட்டி முடிந்த பிறகே கேபிளை எடுங்கள். கேரவனின் அடிவழியாக, அவ்னிங் இல்லாத பக்கமாகக் கொண்டுபோங்கள்.

மழை வந்தா ஆர்சிடி விழுது. எதால என்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

அவ்னிங் எக்ஸ்டென்ஷனை முதலில் பிடுங்குங்கள். ஆர்சிடி நின்றால் குற்றவாளி வெளியே. எக்ஸ்டென்ஷனை மட்டும் வெறுமனே சொருகிப் பாருங்கள். அதுவும் நின்றால் சாமான்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எது சொருகியதும் விழுகிறதோ அதை ஓரமாக வையுங்கள். பெரும்பாலும் கெட்டில், டோஸ்டர், ஹீட்டர் மாதிரி சூடாக்கும் சாமானாக இருக்கும். குளிர்காலம் முழுதும் கேரவனில் கிடந்து, சூடாகும் கம்பியான எலிமென்ட் ஈரத்தை உறிஞ்சியிருக்கும்.

எதைச் சொருகினாலும் ஒருபோதும் தனியாக விழாமல், எல்லாம் சேர்ந்தால் மட்டும் விழுகிறது என்றால் அது சில்லறைக் கசிவுகளின் கூட்டு. சார்ஜர், லேப்டாப், எலிமென்ட் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கசியவிடும். எல்லாவற்றையும் பிடுங்கியும் விழுந்தால் ஹூக்-அப் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். போலார்டில் பிடுங்கி, உலரவிட்டுப் பாருங்கள். இங்கே குழப்பும் விஷயம் ஒன்று: போலார்டிலும் கேரவனிலும் ஒரே அளவு ஆர்சிடி என்பதால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது. உள்ளே எல்லாம் மேலே நின்றும் கரண்ட் இல்லையென்றால் போலார்டைப் பாருங்கள். எப்படியிருந்தாலும், விழாமலிருக்க ஆர்சிடியைச் சுற்றிவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்பவர் எவரானாலும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

25 மீட்டர் எட்டவில்லை. இரண்டு கேபிளை இணைக்கலாமா?

வேண்டாம். இணைப்பு புல்லில் கிடக்கும், நனையும். 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 10 ஆம்பியருக்கு 25 மீட்டரில் சுமார் 4.5 வோல்ட் குறையும், 50 மீட்டரில் 9. அந்த இழப்பைக் கெட்டில் பொறுத்துக்கொள்ளும். ஷார்ட் ஆனால் பாயும் கரண்ட் குறைந்து எம்சிபி தாமதமாக விழுவதுதான் கவலை. கேரவனைத் திருப்பி நிறுத்துங்கள், அல்லது வேறு பிட்ச் கேளுங்கள்.

பிரான்ஸில் சோதிப்பான் 'ரிவர்ஸ்' என்று காட்டியது. எல்லாம் ஓடியதே, விட்டுவிடலாமா?

ஓடும், ஏனென்றால் ஹீட்டருக்கு லைவ் எது, நியூட்ரல் எது என்பதில் அக்கறையில்லை. அக்கறை சுவிட்சுக்கு. பிரிட்டிஷ் சாமான்களில் ஒற்றைச் சுவிட்சும் பிளக்கின் ஃபியூஸும் லைவ் பக்கத்தில் இருப்பதாக எண்ணிச் செய்தவை. இரண்டும் மாறியிருந்தால், அணைத்த பிறகும் சாமானுக்குள் 230 வோல்ட் நிற்கும். ஈர அவ்னிங்கில் அணைத்துவிட்டோம் என்று நம்பி ஒரு விளக்கின் பல்பைக் கழற்றும் ஆளை நினைத்துப் பாருங்கள். ஆர்சிடி அப்போதும் வேலை செய்யும், அது ஆறுதல்.

மூன்று முனை சாக்கெட் சோதிப்பான் ஒன்றைக் கேரவனிலேயே வைத்திருங்கள். தலைகீழ் என்று காட்டினால், லைவ்-நியூட்ரல் மாற்றிக் கட்டிய குட்டை இணைப்புக் கேபிளை இடையில் போட்டு மறுபடியும் சோதியுங்கள். அந்தக் கேபிளில் பெரிதாக அடையாளம் ஒட்டிவைக்க வேண்டும். பிரிட்டனில் தெரியாமல் அதைப் போட்டால் நாமே பிழையை உண்டாக்குகிறோம். எர்த் இல்லை என்று காட்டினால் நிலைமை வேறு. அங்கே மெயின்ஸ் போடாதீர்கள்.

போறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல அவ்னிங் கட்டி, கரண்ட் குடுத்து ஒத்திகை பாக்கலாமா?

அவ்னிங் கட்டிப் பாருங்கள், கரண்ட் இல்லாமல். பிரிட்டனில் பல வீடுகளுக்கு வரும் இணைப்பில் நியூட்ரலும் எர்த்தும் தெருவில் ஒரே கம்பியாக ஓடும். அந்தக் கம்பி எங்காவது அறுந்தால், எர்த்தோடு இணைந்த கேரவன் உடலே லைவ் ஆகலாம். வீட்டுக்குள் இருப்பவர் சுற்றியுள்ள உலோகம் எல்லாம் ஒரே நிலையில் இணைக்கப்பட்டிருப்பதால் தப்பிக்கலாம். ஈர மண்ணில் நின்று கேரவன் கைப்பிடியைத் தொடுகிறவருக்கு அந்தக் காப்பு இல்லை. அந்தக் கரண்ட் எர்த் வயர் வழியாகவே வருகிறது, எர்த் வயரை ஆர்சிடி துண்டிப்பதில்லை, அதனால் அதுவும் காப்பாற்றாது. இதனால்தான் 2002ஆம் ஆண்டின் மின் விநியோக விதிமுறைகள் கேரவனின் உலோகத்தை அந்தக் கூட்டுக் கம்பியோடு இணைக்கத் தடை விதிக்கின்றன. கேம்ப்சைட்டுகளில் தனி எர்த் கம்பி புதைப்பதும் இதற்காகவே. வீட்டில் ஃபிரிட்ஜைக் குளிர்விக்க, பேட்டரி சார்ஜ் செய்ய ஆர்சிடி உள்ள சாக்கெட்டிலிருந்து சில மணி நேரம் கொடுப்பது பலரும் செய்வது. குடியிருக்கும் இடமாக அதை மாற்றாதீர்கள்.

ஜெனரேட்டரோ பவர் ஸ்டேஷனோ வெச்சா இந்தத் தலைவலியெல்லாம் இல்லையே?

தலைவலி இடம் மாறும். சிறிய ஜெனரேட்டர், தூக்கிப்போகும் பேட்டரிப் பெட்டியான பவர் ஸ்டேஷன் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. அப்படிப்பட்டதைக் கேரவனுக்குள் ஊட்டினால் முதல் பழுதை ஆர்சிடி கண்டுகொள்ளாது. ஆனால் அவ்னிங்கில் ஒரு விளக்கு, ஒரு லேப்டாப் என்று நேராக ஒன்றிரண்டு சாமான் மட்டும் சொருக, உலர்ந்த இடத்தில் வைத்த பவர் ஸ்டேஷன் மிக நல்ல வழி. அதன் யூஎஸ்பி, 12 வோல்ட் வாய்களைப் பயன்படுத்தினால் 230 வோல்ட் பேச்சே இல்லை. ஜெனரேட்டரை எந்தக் காரணத்துக்கும் அவ்னிங்குக்குள்ளோ அதன் வாயிலிலோ ஓட்டாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீட்டர் பதிலில் சொன்னதைப் போலவே கொல்லும்.

வெளிச் சாக்கெட்டை நானே பொருத்திக்கலாமா? சுவரில் ஓட்டை போட்டு ரெண்டு வயர்தானே.

ஓட்டை போடுவது சுலபம். அந்த ஓட்டை வழியாகச் சுவருக்குள் தண்ணீர் இறங்கி மரச்சட்டம் அழுகுவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. உள்ளே எந்த எம்சிபியில் சேர்ப்பது, வயரின் குறுக்களவு என்ன, எர்த் தொடர்ச்சி சரியா என்று கருவி வைத்துச் சோதிக்கவும் வேண்டும். கேரவன் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். அதே வருகையில் முழு வயரிங்கையும் சோதித்துச் சான்று வாங்கிவிடலாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது, அடிக்கடி பயன்படுத்தினால் வருடத்துக்கு ஒருமுறை அது தேவை.

நீலப் பிளக்கின் ஒரு முனை பழுப்பாகியிருக்கிறது. தேய்த்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

கூடாது. அந்தப் பழுப்பு, தளர்ந்த இணைப்பு சூடாகியதன் தடம். ஆர்சிடியும் எம்சிபியும் இதைப் பார்க்க முடியாது என்று மேலே சொன்னேன். பெரும்பாலும் முனைக்குப் பின்னாலிருக்கும் திருகு இளகியிருக்கும். சூடேறிய செம்பு கருத்து நிறம் மாறியிருந்தால், பளபளக்கும் செம்பு வரும்வரை கேபிளை வெட்டி, புதிய கனெக்டர் போட வேண்டும். போலார்டின் சாக்கெட்டிலும் அதே கருகல் தெரிந்தால் அங்கே சொருகாமல் வார்டனிடம் காட்டி வேறு சாக்கெட் கேளுங்கள். கருகிய சாக்கெட் உங்கள் புதுப் பிளக்கையும் கருக்கிவிடும்.